கழிப்பறைக்குப் போவதும் சாப்ளின் செய்த சதியா?

போன இதழில் மனிதவள ஆலோசகர் ஒருவர் பக்கம் பக்கமாக ஆதங்கப்பட்டிருக்கிறார். இன்றைய பிள்ளைகளுக்கு வேலையில் ஒட்டுதல் இல்லையாம். ஆறு மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களாம். நடுநடுவே தேநீருக்கும் கழிப்பறைக்கும் எழுந்து போகிறார்களே, அதற்கு அவர் ஒரு பெயரே வைத்திருக்கிறார்: 'நேரக் கசிவு'. இதற்கெல்லாம் யார் காரணம் என்று துப்புத் துலக்கி, ஆளையும் பிடித்துவிட்டார். சம்பளம் காரணமில்லை, மேலாளர் காரணமில்லை, இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணமும் காரணமில்லை. பழைய படங்கள்தான் காரணம். திரைப்படச் சங்கங்களில் சாப்ளினையும் குரோசவாவையும் டி சிகாவையும் பார்க்கிற இளைஞர்கள், முதலாளி என்றாலே வில்லன், வேலை என்றாலே விலங்கு என்ற எண்ணத்தோடு திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைகிறார்களாம்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் முடிச்சுப் போட்டதோடு நிற்காமல், அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார். திரைப்படச் சங்கத்தில் நாற்காலி அடுக்குகிற ஆட்களில் ஒருவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் முப்பது பேர் வந்தாலே நல்ல கூட்டம் என்று சந்தோஷப்படுகிறவர்கள் நாங்கள். அந்த முப்பது பேரை வைத்து ஒரு தேசத்தின் உற்பத்தித் திறனையே கவிழ்க்கிறோம் என்பது இத்தனை நாள் எங்களுக்கே தெரியாது.

அவர் கட்டுரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களை இன்று யாரும் பார்ப்பதில்லை, அவற்றுக்கும் இன்றைய வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பத்தில் சொல்கிறார். அதே படங்கள் ஒரு தலைமுறையின் மனதையே கெடுத்துவிட்டன என்று பின்பாதியில் சொல்கிறார். யாரும் பார்க்காத படம் எப்படி எல்லோரையும் கெடுக்கும்? இரண்டில் எதையாவது ஒன்றை அவர் கைவிட்டாக வேண்டும். எதைக் கைவிட்டாலும் கட்டுரையில் பாதி போய்விடும்.

இந்தப் புகார் ஒன்றும் புதிதல்ல. 1947-இல் ஹாலிவுட்டின் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பு ஒன்றுக்காக அய்ன் ராண்ட் ஒரு கையேடு எழுதினார். படங்களில் தொழிலதிபர்களை இழிவாகக் காட்டாதீர்கள், செல்வத்தைப் பழிக்காதீர்கள், சாமானியனைத் தூக்கிவைத்துக் கொண்டாடாதீர்கள் என்றெல்லாம் தயாரிப்பாளர்களுக்குப் பாடம் எடுத்த கையேடு அது. அதே ஆண்டு எஃப்.பி.ஐ.யின் குறிப்பு ஒன்று, ஃப்ராங்க் கேப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் மீது சந்தேகப்பட்டது. படத்தில் வருகிற வங்கிக்காரர் கெட்டவராக இருக்கிறாராம். ஆகவே கம்யூனிசப் பிரசாரமாக இருக்கலாமாம். அந்தப் படத்தின் நாயகன் ஜார்ஜ் பெய்லியும் தொழில் நடத்துகிறவன்தான். ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் சின்ன நிறுவனம் அவனுடையது. நல்ல முதலாளி ஒருவனைக் கண்ணெதிரே நிறுத்தியும், கெட்ட முதலாளியை ஏன் காட்டினாய் என்று கேட்டவர்கள் அவர்கள். நம் ஆலோசகருக்கு அவர்கள் முன்னோர்கள். அவர்களுக்காவது பனிப்போர்க் காலத்துப் பயம் என்று ஒரு சாக்கு இருந்தது.

சரி, அவர் முதல் எதிரியாக நிறுத்தியிருக்கும் 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு வருவோம். 1936-இல் வந்த படம். உழைக்க மனமில்லாத ஒரு சோம்பேறியை நாயகனாக்கிய படம் என்கிறார். கைப்பேசியில் ஓடும் முப்பது விநாடித் துணுக்கில் பார்த்திருந்தால் அப்படித்தான் தெரியும். முழுப் படத்தையும் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். படம் நெடுக அந்த மனிதன் வேலைக்காக ஓடுகிறான். ஆலையில் நட்டு முடுக்குகிறான். கப்பல் கட்டும் தளத்தில் சேர்கிறான். பெரிய கடையொன்றில் இரவுக் காவல் பார்க்கிறான். மெக்கானிக்குக்கு எடுபிடியாகப் போகிறான். உணவகத்தில் பரிமாறுகிறான், பாடவும் செய்கிறான். மூடிக்கிடந்த ஆலை திறக்கப்போகிறது என்று பேப்பரில் பார்த்ததும் போட்டது போட்டபடி ஓடி, வாசலில் முண்டியடிக்கும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கதவு சாத்துவதற்குள் உள்ளே புகுந்துவிடுகிறான். ஆலோசகரின் நிறுவனங்களில் இப்படி ஓடிவரும் ஊழியர் ஒருவர் இருந்தால் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று படம் மாட்டியிருப்பார்கள்.

சோம்பேறி ஒருவர் அந்தப் படத்தில் இருக்கிறார் என்பது உண்மைதான். ஆலையின் தலைவர். நாம் அவரை முதன்முதலில் பார்க்கும்போது அவர் மேஜையில் படத்துண்டுகளைப் பொருத்தி விளையாடிக்கொண்டிருக்கிறார். அது அலுத்ததும் பேப்பரில் சித்திரக்கதை படிக்கிறார். உதவியாளர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறார். பிறகு திரையைப் போட்டு ஆலைக்குள் ஒரு பார்வை. வேகத்தைக் கூட்டு என்று ஓர் உத்தரவு. அவர் செய்யும் வேலை அவ்வளவுதான். இதில் சாப்ளின் ஒரு சொல்கூடப் பிரசாரம் செய்யவில்லை. அந்த மனிதரை உறுமவைக்கவில்லை, சாட்டையைக் கையில் கொடுக்கவில்லை. அவருக்குப் பொழுது போகவில்லை என்பதை மட்டும் காட்டுகிறார்.

அந்தச் சோறூட்டும் இயந்திரக் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு இடைவேளையை ஒழித்துக்கட்ட ஒரு இயந்திரம் விற்பனைக்கு வருகிறது. அதன் பெருமைகளை விற்பனையாளர் வாயால் சொல்வதில்லை, இசைத்தட்டு சொல்கிறது. தொழிலாளியைக் கட்டி நிறுத்தி, சூப்பை ஊற்றி, சோளக்கதிரைச் சுழற்றி வாயில் தேய்த்து, ஒவ்வொரு கவளத்துக்கும் வாயைத் துடைத்துவிடுகிறது இயந்திரம். பிறகு அது கோளாறாகி, மறந்து தட்டில் வைத்துவிட்ட நட்டுகளை அவன் வாயில் திணிக்கிறது. இத்தனையும் பார்த்துவிட்டுத் தலைவர் இயந்திரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். ஏன்? மனிதனை இப்படிச் செய்யக் கூடாது என்பதற்காகவா? நடைமுறைக்குச் சரிப்படாது என்பதற்காக. நன்றாக வேலை செய்திருந்தால் நூறு வாங்கியிருப்பார். மனிதவளத் துறைக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்த இடம் சிரிப்பை வரவழைக்காது.

இனி 'நேரக் கசிவு'. நட்டு முடுக்கி முடுக்கிக் கை நடுங்கிய தொழிலாளி, அட்டையை அடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். ஒரு இழுப்பு இழுப்பதற்குள் சுவர் முழுக்கத் தலைவரின் முகம் தோன்றுகிறது. போ, போய் வேலையைப் பார் என்று விரட்டுகிறது. தொலைக்காட்சி வீடுகளுக்கு வராத காலத்தில், கழிப்பறைக்குள் கண்காணிப்புத் திரையைக் கற்பனை செய்தவர் சாப்ளின். ஆலோசகரின் கட்டுரையைப் படித்தபோது, அந்தச் சுவரில் தோன்றிய முகத்துக்குப் பேனா பிடிக்கவும் தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

மிகை என்பாரோ? 2024-இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கவைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எங்கோ தனியாக நடந்த ஒரு சம்பவம் என்றது நிறுவனம். இருக்கட்டும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் தண்ணீர் குடிக்க நினைத்த அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் சாப்ளின் ரசிகர்கள் என்று ஆலோசகர் ஒரு கணக்கெடுப்பு நடத்திச் சொல்லலாம்.

படம் பார்த்துத்தான் வேலையின் மீது வெறுப்பு வருகிறது என்பவருக்கு வரலாறு ஒரு சங்கடமான விவரத்தை வைத்திருக்கிறது. 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பட்டை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு இறங்கியது. அதே ஆண்டில் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடிய விகிதம் 370 சதவீதம். ஓர் இடத்தை நிரப்பி வைக்க வருடம் முழுக்க ஆள் மாற்றி ஆள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை ஐந்து டாலர் ஆக்கியதற்கு இந்த ஓட்டமும் ஒரு முக்கியக் காரணம். அப்போது சாப்ளின் எங்கே இருந்தார்? அவர் நடித்த முதல் படமே அந்த வருடம் பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. ஆக, ஒரு சாப்ளின் படம்கூடப் பார்க்காமலே டெட்ராய்ட் தொழிலாளிக்கு வேலை கசந்துவிட்டது. பட்டையில் நின்று சில வருடங்களில் நரம்பு தளர்ந்துபோன பையன்களைப் பற்றி ஒரு நிருபர் சொல்லக் கேட்டதும் 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு வித்து என்று சாப்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நோய் முந்தியது, படம் பிந்தியது. வைத்தியர் வந்து பார்த்ததால்தான் காய்ச்சல் வந்தது என்கிறார் நம்மவர்.

இயந்திர விரோதி என்று இன்னொரு முத்திரையும் குத்தியிருக்கிறார். 1931 செப்டம்பரில் லண்டனின் கிழக்குப் பகுதியில் சாப்ளின் காந்தியைச் சந்தித்தார். அங்கே இயந்திரத்துக்காக வாதாடியவர் சாப்ளின். இயந்திரம் மனிதனின் வேலை நேரத்தைக் குறைத்து அவனை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும்போது நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள் என்று காந்தியிடம் கேட்டவர் அவர். வேலை நேரத்தைக் குறைக்க வந்த இயந்திரம் எப்படிச் சாப்பாட்டு நேரத்தைத் தின்னும் இயந்திரமாக மாறியது என்பதுதான் ஐந்து வருடம் கழித்து வந்த படத்தின் கேள்வி.

சாப்ளினே ஒரு கோடீஸ்வர முதலாளிதானே என்று கடைசியில் ஒரு குத்து. ஆமாம், சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தவர். கூட வேலை செய்தவர்களைப் பாடாய்ப் படுத்தியவர் என்பதும் தெரிந்ததே. ஏழு வயதில் லண்டன் ஏழைகள் விடுதியில் விடப்பட்டவர் என்பதும் தெரிந்ததே. இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் சொல்வதை, ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர் பொய் என்கிறார். நாம் யாரை நம்புவது?

அந்தக் காலம் மலையேறிவிட்டது, இன்று பட்டையும் இல்லை சங்கும் இல்லை, எல்லோரும் குளிர்சாதன அறையில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற வாதம் அதிக நேரம் தாங்காது. எங்கள் திரையிடலுக்கு வருகிறவர்களில் கால் சென்டர்ப் பிள்ளைகள் உண்டு. கழிப்பறைத் திரைக் காட்சியில் அரங்கிலேயே உரக்கச் சிரித்தவர்கள் அவர்கள்தான். படம் முடிந்து பேசும்போது ஒரு பெண் விளக்கினாள். சீட்டை விட்டு எழுந்தால் கணினியில் 'ஆக்ஸ்' என்ற குறியீட்டைப் போட வேண்டுமாம். கழிப்பறைக்கு 'பயோ பிரேக்' என்று தனிக் குறியீடு. அதைத் தொட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். டீம் லீடர் திரையில் அவள் பெயர் நிறம் மாறும். ஒதுக்கிய நிமிடங்களைத் தாண்டினால் மாத இறுதி மதிப்பெண்ணில் அது வந்து உட்காரும். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வாய் என்று கூட்டத்தில் ஒரு மூத்த பெண்மணி கேட்டார். மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கி அந்த நிமிடங்களை இதற்கு எடுத்துக்கொள்வேன் என்றாள். சாப்ளின் அவளுக்கு எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. தனக்கு மட்டும் நடக்கிற வெட்கக்கேடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது தன் தப்பு இல்லை என்பதையும், தன் தாத்தா பிறப்பதற்கு முன்பே ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்பதையும் அன்றைக்குக் கண்டுகொண்டாள். ஆலோசகருக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான் என்று சந்தேகிக்கிறேன். சோம்பேறிகளைச் சமாளிக்க ஆயிரம் வழி இருக்கிறது. கவனிக்கக் கற்றுக்கொண்டவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

இடைவேளை என்பதே சினிமா கொடுத்த கெட்ட பழக்கம் என்ற தொனியும் கட்டுரையில் ஓடுகிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று இந்த நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே எழுதிவைத்தது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் போட்டது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்துவிட்ட திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பில் நின்ற தொழிற்சங்கத்துக்காரர்கள் குரோசவா விழாவிலிருந்து நேராக வந்தவர்கள் இல்லை.

பழைய படங்கள் வேலையைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கின்றன என்று அவர் எழுதியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். நிறையப் பொய் சொல்லியிருக்கின்றன. 1927-இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' நிலத்தடியில் தொழிலாளர் நகரத்தை அப்படி ஒரு பயங்கரத்தோடு காட்டிவிட்டு, மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் தரகு பார்த்தால் போதும் என்று முதலாளியையும் தொழிலாளியையும் கைகுலுக்கவைத்து முடிந்தது. அந்த முடிவு லாங்குக்கே பின்னாளில் பிடிக்கவில்லை. நம் ஊரில் அந்தத் தரகு ஒரு பெருந்தொழிலாகவே நடந்தது. கடைசி ரீலில் முதலாளி மனம் திருந்துவார். அல்லது தொழிலாளி முதலாளியின் மருமகனாவான். சங்கத்துக்கு வேலையே இருக்காது. பழைய படம் பார்த்து ஒரு தலைமுறை கெட்டது என்றால் இவற்றைப் பார்த்துக் கெட்டது என்று சொல்லலாம்: முதலாளியின் நல்ல மனசுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. இந்தப் படங்களைப் பற்றி ஆலோசகர் மூச்சு விடவில்லை. விடமாட்டார். 1960-இல் நிமாய் கோஷ் இயக்கி எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' போன்ற ஒன்றிரண்டு படங்கள் வேறு திசையில் போய்ப் பார்த்தன, ஓடவில்லை. ஆனால் படம் போனதோடு அவர்கள் நிற்கவில்லை. கோடம்பாக்கத்தில் திரைத்தொழிலாளர் சங்கங்களைக் கட்டுவதற்கு அந்த இருவரும் உழைத்தார்கள். படம் தோற்றும் அந்த வேலை நிலைத்தது.

'இகிரு'வைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்துக் கோபம்கூட வரவில்லை. அலுவலக வேலை வீண், வாழ்க்கையை அனுபவி என்று சொல்லும் படமாம். குரோசவாவின் 1952 படத்தில் வதனபே என்கிற நகராட்சி அதிகாரி முப்பது வருடமாகக் கோப்புகளில் முத்திரை குத்துகிறார். லீவே எடுக்காதவர். அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு பழைய கட்டு இருக்கிறது: அலுவலகத்தின் திறனை உயர்த்துவதற்காக அவரே வாலிப வயதில் எழுதிய திட்டம். அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முத்திரையின் மையைத் துடைக்கிறார். உற்பத்தித் திறன் பற்றி நான் பார்த்த எந்தப் படத்திலும் இதைவிடக் குரூரமான ஐந்து விநாடி கிடையாது. எத்தனை திறன் மேம்பாட்டு அறிக்கைகள் இன்று இதே கதியில் இழுப்பறைகளில் கிடக்கின்றன என்பது ஆலோசகர்களுக்குத்தான் தெரியும்.

வயிற்றில் புற்று என்று தெரிந்ததும் வதனபே முதலில் செய்வது ஆலோசகர் சொன்னதைத்தான்: வாழ்க்கையை அனுபவிக்கப் போகிறார். மது, நடன விடுதி, புதுத் தொப்பி. ஒன்றும் ஒட்டவில்லை. அலுவலகத்தை விட்டுப் போய், குழந்தைகளுக்கு முயல் பொம்மை செய்யும் ஆலையில் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடமிருந்துதான் விடை கிடைக்கிறது. அவள் செய்வதும் ஆலை வேலைதான். ஆனால் ஜப்பானில் உள்ள குழந்தைகள் எல்லோரோடும் சிநேகமானது போல் இருக்கிறது என்கிறாள். அவர் எங்கே ஓடுகிறார்? மறுபடி அலுவலகத்துக்கு. சாக்கடைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் பூங்கா வேண்டும் என்று அலைந்த பெண்களின் மனு, சுகாதாரம், பொதுப்பணி, கல்வி, தீயணைப்பு என்று துறை துறையாகச் சுற்றி அவர் மேஜைக்கே திரும்பி வந்து கிடந்தது. அதைக் கையில் எடுக்கிறார். மிச்சமிருக்கும் மாதங்களில் அவர் வேலை செய்கிறார், வாழ்க்கையில் முதல்முறையாக. வேலையை இவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்த படம் உலக சினிமாவில் அதிகம் இல்லை. துக்க வீட்டில் குடித்துவிட்டு இனி அவரைப் போல உழைப்போம் என்று சபதம் செய்யும் சகாக்கள், மறுநாள் பழைய நாற்காலியில் பழையபடி உட்காருவதையும் குரோசவா காட்டிவிடுகிறார். பூங்காவுக்கான பெயரைத் துணை மேயர் தட்டிக்கொண்டு போகிறார். இந்தக் கடைசி அரை மணியைத்தான் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் போட வேண்டும். வகுப்பெடுப்பவர் பிழைப்பு என்னாகும் என்பது வேறு விஷயம்.

டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஏழைகளின் சுயபச்சாதாபமாம். 1948-இல் ரோமில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்தவனுக்கு சைக்கிள் வேண்டும். சைக்கிள் அடகில் இருக்கிறது. அவன் மனைவி சிணுங்கவில்லை. கட்டிலில் இருந்த படுக்கை விரிப்புகளை உருவி, மூட்டை கட்டி அடகுக்கடைக்கு எடுத்துப்போகிறாள். கடைக்காரர் அதை வைக்கப் போகும் அலமாரி கூரை வரை உயர்கிறது. மேலே மேலே ஏறுகிறார். அத்தனை தட்டிலும் அடுத்தவர்களின் விரிப்பு மூட்டைகள். இதில் பச்சாதாபத்தை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜோரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. படம் முடித்துத் திரும்பியவருக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. சினிமாக்காரனாயிற்றே, பணம் குவித்திருப்பான் என்று நினைத்துவிட்டார்கள்.

படங்களைத் திட்டி முடித்துவிட்டு, பார்க்கத் தகுந்தவை என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டும். அவருடைய வாதத்தை நான் உடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தப் பட்டியலே உடைத்துவிடுகிறது.

முதலிடம் 'த பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்'. 2006-இல் வந்த படம், வில் ஸ்மித் நடித்தது. விடாமுயற்சியின் பாடப்புத்தகம் என்கிறார். வீடில்லாமல், மகனைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையக் கழிப்பறையில் ஓர் இரவு படுத்து எழும் ஒருவன், பங்குத் தரகு நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் பயிற்சி ஊழியனாக வேலை பார்த்து, கடைசியில் வேலையைப் பிடிக்கிறான். கழிப்பறைக்குப் போகும் நேரம் மிச்சமாகும் என்று அவன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்துகிறான். கவனியுங்கள்: சாப்ளின் படத்தில் கழிப்பறையிலிருந்து விரட்ட ஒரு முதலாளியின் முகம் தேவைப்பட்டது. எழுபது வருடம் கழித்து அந்த முகம் தொழிலாளியின் மண்டைக்குள்ளேயே குடியேறிவிட்டது. இதைத்தான் ஆலோசகர் லட்சியம் என்கிறார். பயிற்சிக்கு வந்தவர்கள் இருபது பேர், வேலை ஒருவருக்கு. அந்தப் பத்தொன்பது பேரும் ஆறு மாதம் இலவசமாக உழைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றிப் படம் எடுத்தவர் டி சிகாவாக இருந்திருந்தால் நாம் வேறு படம் பார்த்திருப்போம்.

பில்லி வைல்டரின் 'த அபார்ட்மெண்ட்' (1960) அவர் பட்டியலில் 'அலுவலக நகைச்சுவை' என்ற தலைப்பில் வருகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் முடிவில்லாத மேஜை வரிசையில் ஒரு மேஜைக்காரன், மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துக் கொடுத்துப் பதவி உயர்வு வாங்குகிறான். பரிசாக உயரதிகாரிகளுக்கான கழிப்பறைச் சாவி கிடைக்கிறது. முடிவில் வீட்டுச் சாவி கேட்கும் மேலாளர் கையில் அந்தக் கழிப்பறைச் சாவியை வைத்துவிட்டு வேலையை உதறிப் போகிறான். நகைச்சுவைதான், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, சத்யஜித் ராயின் 'மகாநகர்' (1963). பணிபுரியும் பெண்களுக்கு ஊக்கம் தரும் படம், மகளிர் தினத்தன்று அலுவலகங்களில் போட்டுக்காட்டுங்கள் என்று சிபாரிசு செய்திருக்கிறார். முற்பாதியை மட்டும் பார்த்தால் சரிதான். வங்கி குமாஸ்தாவின் மனைவி ஆரத்தி, வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலையில் சேர்கிறாள். முதல் சம்பளம் வாங்கியதும் அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, கையில் புது நோட்டுகளோடு தன்னையே பார்க்கிறாள். மாதபி முகர்ஜியின் அந்த முகத்தைப் பார்த்த எவரும், பழைய படங்கள் வேலையை வெறுக்கச் சொல்லித்தருகின்றன என்று எழுதமாட்டார். ஆலோசகரின் மொழியில் அதுவும் நேரக் கசிவுதான் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

பிற்பாதியில் கணவனின் வங்கி மூழ்கி அவன் வேலை போகிறது. கூட்டுக் குடும்பம் மொத்தமும் ஆரத்தியின் சம்பளத்தில் வந்து நிற்கிறது. அப்போது அவளுடைய ஆங்கிலோ இந்தியச் சகா எடித், உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வராதவள், நடத்தை கெட்டவள் என்ற பழியோடு நீக்கப்படுகிறாள். ஆரத்தி நேரே முதலாளியின் அறைக்குப் போகிறாள். எடித்திடம் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள். முதலாளி நல்லவர், ஆரத்தியிடம் பிரியமாக நடந்துகொள்பவர், அவள் கணவனின் ஊர்க்காரர், ஆனாலும் மறுக்கிறார். ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத நிலையில், தன் மதத்தையோ மொழியையோ சேராத ஒரு சக ஊழியருக்காக.

மகளிர் தினத்தன்று தாராளமாகப் போடட்டும். நாற்காலிகள் போதவில்லை என்றால் எங்கள் ஆட்கள் வந்து அடுக்கித் தருவார்கள். கேக் வெட்டுவதற்காகக் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.